சொல் வழிப் பயணம் – 14: தண்ணீர் பிடிக்கும் ஊர்

சேலத்தை அடுத்த பனமரத்துப்பட்டியில் ஒரு தெருக்குழாய். காலை ஏழு மணி. நீலமும் பச்சையுமாகப் பிளாஸ்டிக் குடங்கள் வளைந்து வளைந்து நிற்கின்றன. நடுவில் நசுங்கிய எவர்சில்வர் குடம் ஒன்று. அதற்கு உரியவர் அங்கே இல்லை. விடிவதற்குள் அரளி மொட்டுப் பறிக்கத் தோட்டத்துக்குப் போய்விட்டார். அவருக்காக அந்தக் குடம் இடம் பிடித்து நிற்கிறது.

வரிசையின் கடைசியில், திண்ணையில் உட்கார்ந்து ஒரு சிறுமி எழுதிக்கொண்டிருந்தாள். எட்டாம் வகுப்பு. நோட்டில் ஆங்கில வினைச்சொற்கள் ஒரு பக்கம், தமிழ்ப் பொருள் ஒரு பக்கம். ‘கேட்ச் – பிடி’ என்று ஐந்து முறை எழுதியிருந்தாள். உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது: “கண்ணு, தண்ணி வந்திருச்சு, போய்ப் புடி.” எழுந்தவள் என்னைப் பார்த்துக் கேட்டாள்: “சார், தண்ணி புடிக்கிறதுக்கும் கேட்ச்தானுங்களா?”

இல்லையம்மா என்று மட்டும் சொன்னேன். அதற்குள் அவள் முறை வந்துவிட்டது. அவள் கேட்டதற்கு ஒற்றை வார்த்தையில் விடை சொல்ல முடியாது. இந்த வார அத்தியாயம் முழுக்க அவளுக்கான பதில்தான்.

கேட்ச் என்ற சொல் தொடக்கத்தில் வெறும் ‘பிடி’ மட்டும் இல்லை. லத்தீன் வேரில் கிளைத்து, வட பிரெஞ்சு வழியாக இங்கிலாந்துக்குப் போனபோது அதற்கு வேட்டையாடு, விரட்டு என்ற பொருளும் இருந்தது. விரட்டுவதைக் குறிக்கும் ‘சேஸ்’ அதன் உடன்பிறப்பு. ஒரே வேர், இரண்டு வாசல் வழியே வந்தவை. காலப்போக்கில் ஒன்று விரட்டுவதை வைத்துக்கொண்டது, மற்றொன்று விரட்டியதைக் கைப்பற்றுவதை எடுத்துக்கொண்டது. அந்த ஓட்டம் இன்றும் கேட்ச்சுக்குள் இருக்கிறது. ஓடுவதை, பறப்பதை, தப்பப் பார்ப்பதைத்தான் அது முதலில் பிடிக்கும். பந்து, திருடன், பஸ். குழாய்த் தண்ணீர் எங்கும் தப்பி ஓடவில்லை. குடம்தான் அதற்குக் காத்திருக்கிறது. அதனால் ஆங்கிலக்காரர் குடத்தை ‘நிரப்புவார்’.

நம் ‘பிடி’ வேறு. அதற்கு ஓட்டம் தேவையில்லை. கை மூடினால் போதும். கைக்குள் அடங்கும் சோறும் ஒரு பிடி, கத்தியின் காம்பும் பிடி. (பெண் யானைக்கும் பிடி என்றொரு பெயர் உண்டு, அதை இன்னொரு வாரம் பார்க்கலாம்.)

இந்தத் தொடரைப் படித்துவருபவர்களுக்கு நான் துருக்கி மொழி கற்றுக்கொண்டிருப்பது தெரியும். கேட்ச் என்ற சொல்லுக்கு அகராதியில் துருக்கிப் பொருள் தேடினால் முதலில் வருவது ‘யகலமக்’. அழகான சொல். ‘யகா’ என்றால் சட்டைக் காலர். காலரைப் பற்று என்பதுதான் அந்த வினையின் உள்ளே இருக்கும் படம். திருடனை அப்படித்தான் பிடிக்கிறார்கள், அங்கும் இங்கும். ஆனால் மீன் பிடிக்கக் காலர் கிடையாதே. மீனுக்கு அவர்கள் வேறொரு சொல்லுக்குப் போகிறார்கள்: ‘துத்மக்’. பற்று, பிடி, கையில் வை. இந்தத் துத்மக்கைக் கண்ட நாளிலிருந்துதான் எனக்குத் துருக்கி மொழி அயல் மொழியாகத் தோன்றாமல் போயிற்று.

எவர்சில்வர் குடம் செய்த வேலையையே எடுத்துக்கொள்ளுங்கள். இடம் பிடிப்பதற்குத் துருக்கியில் ‘யெர் துத்மக்’. யெர் என்றால் இடம். சொல்லுக்குச் சொல் அதேதான். இரும்பு துருப்பிடித்தால் ‘பாஸ் துத்து’. கல் பாசி பிடித்தால் ‘யோசுன் துத்து’. ரமலானில் நம் முஸ்லிம் வீடுகளில் நோன்பு பிடிக்கிறார்கள். துருக்கியரும் நோன்பைப் பிடிக்கவே செய்கிறார்கள், ‘ஒருச் துத்மக்’. வீடு வாடகைக்கு எடுப்பதும் டாக்ஸி அமர்த்துவதும் துத்மக். கல்யாணத்துக்கு வேன் பிடித்தோம் என்று நாம் சொல்வதை அப்படியே சொல்லலாம்.

மொட்டுப் பறித்துவிட்டு வந்து குடத்தைத் தேடிய அந்தப் பாட்டி, இடுப்பில் கைவைத்தபடி, “இடுப்பு புடிச்சுக்கிச்சு தம்பி” என்றார். இஸ்தான்புல் பாட்டி ‘பெலிம் துதுல்து’ என்பார். என் இடுப்பு பிடிபட்டது. இதே துத்மக்கின் செயப்பாட்டு வடிவம். கேட்டவுடன் என் காதில் சேலத்துத் தமிழ்தான் ஒலித்தது.

இன்னும் வியப்பு கிரகணம். சூரிய கிரகணத்துக்குத் துருக்கியில் ‘குனேஷ் துதுல்மஸ’ என்று பெயர். சூரியன் பிடிபடுதல். நாமும் கிரகணம் பிடித்தது என்கிறோம். வடமொழியில் கிரகணம் என்ற சொல்லுக்கே பற்றுதல் என்றுதான் பொருள். பிடிப்பைப் பிடித்தது என்று இரண்டு முறை சொல்கிறோம்! கிரிக்கெட் மைதானத்தில் ‘கேட்ச் பிடிச்சான்’ என்பதும் இந்த வழியில் வந்ததுதான்.

இவ்வளவு ஒற்றுமை கண்டால் இரண்டும் ஒரே குடும்பமோ என்று மனம் ஓடும். 1856-ல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல்லுக்கும் ஓடியது. துருக்கி, பின்னிஷ் போன்றவற்றைச் சித்திய மொழிகள் என்று ஒரு தொகுதியாகக் கருதியவர், திராவிட மொழிகளை அவற்றின் பக்கம் சேர்த்தார். இன்றைய மொழியியல் அதை ஏற்பதில்லை. வினை கடைசியில் வருவதும், வேரோடு விகுதிகள் ஒட்டிக்கொண்டே போவதும் உறவில்லாத மொழிகளிலும் அமையும். கை எல்லோருக்கும் இருக்கிறது. பிடிப்பது எல்லோருக்கும் தெரியும். உறவு தேட அதற்கு மேல் வேண்டும்.

ஒற்றுமையை நம்பிக் காலை வைத்தால் சறுக்கும் இடங்களும் உண்டு. மல்லூரில் நின்று சேலம் பஸ்ஸைப் பிடித்தேன் என்பதை அப்படியே துத்மக் போட்டுச் சொன்னால், முழுப் பஸ்ஸையும் வாடகைக்கு அமர்த்தியதாகத் துருக்கியர் எடுத்துக்கொள்வார். பஸ்ஸுக்கு அங்கே ‘யெதிஷ்மெக்’, எட்டிச் சேர்தல். எழுவாயை மாற்றி, பஸ் என்னைப் பிடித்தது என்றால், பயணத்தில் குமட்டி வாந்தி வந்தது என்று பொருள். யார் யாரைப் பிடிக்கிறார் என்பதில் எவ்வளவு இருக்கிறது பாருங்கள்.

சளி விஷயத்தில் இது இன்னும் துலக்கம். ஆங்கிலேயன் சளியைப் பிடிக்கிறான். நம்மைச் சளி பிடிக்கிறது; ‘எனக்குச் சளி புடிச்சிருக்கு’. துருக்கியர் குளிரை ‘எடுத்துக்கொள்வார்கள்’, அல்லது சளியிடம் காலரோடு பிடிபடுவார்கள். ஒரே மூக்கடைப்புதான். நம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் சளி தன்னைப் பிடித்ததாக எழுதி, அதன் மேல் சிவப்பு மையில் குறுக்குக் கோடு வாங்குவதைப் பல நோட்டுகளில் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளை முட்டாள் இல்லை. தன் மொழியில் மிகச் சரியாக யோசித்திருக்கிறது. இரண்டு மொழியில் பிடிப்பவர் மாறுகிறார் என்று யாரும் அதற்குச் சொல்லித் தரவில்லை, அவ்வளவே. அந்தக் கோட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது.

சேலத்தில் இருந்துகொண்டு இன்னொரு பிடியை விட முடியாது. ஏற்காடு சாலையில் 1935-ல் டி.ஆர். சுந்தரம் மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கினார். 1956-ல் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ வண்ணத்தில் வந்தது அங்கிருந்துதான். நாம் படம் ‘பிடிக்கிறோம்’. ஆங்கிலேயர் ‘சுடுகிறார்கள்’. துருக்கியர் ‘இழுக்கிறார்கள்’, புகைப்படமும் அவர்களுக்கு இழுவைதான். ஆனால் வெளிவந்து மக்களிடம் நன்றாக ஓடினால், துருக்கியர் ‘ஃபிலிம் துத்து’ என்பார்கள். படம் பிடித்தது. நாம் பிடித்த படம் ஊருக்குப் பிடித்தால் அதற்கும் பிடிதான். ‘எனக்குப் பிடிக்கும்’ என்று நாம் சொல்லும் விருப்பத்தில் எழுவாய் நாம் இல்லை, அந்தப் பொருள். அது வந்து நம்மில் பிடித்துக்கொள்கிறது. ஆங்கிலத்தின் ‘லைக்’கில் இந்தப் படம் இல்லை. இது எனக்குப் பெருமையாகவே இருக்கிறது.

அகராதிக்காரர்களைக் குறை சொல்ல மாட்டேன். 1862-ல் சென்னையில் வெளிவந்த வின்ஸ்லோவின் தமிழ் – ஆங்கில அகராதி, 1890-ல் கான்ஸ்டாண்டினோபிளில் அச்சான ரெட்ஹவுஸின் துருக்கி – ஆங்கில அகராதி, இரண்டையும் எடுத்துப் பாருங்கள். வின்ஸ்லோ அமெரிக்க மிஷனைச் சேர்ந்தவர், யாழ்ப்பாணத்தில் பல ஆண்டுகள் இருந்தவர். ரெட்ஹவுஸ் ஆங்கிலேயர், ஆனால் அவர் அகராதியை வெளியிட்டது அதே அமெரிக்க மிஷனின் துருக்கிக் கிளை. பாஸ்டனில் உட்கார்ந்திருந்த ஒரே சபை, யாழ்ப்பாணத்துப் பிடிக்கும் இஸ்தான்புல் துத்மக்குக்கும் ஆள் அனுப்பியிருக்கிறது! அப்போதைக்கு அவர்களால் முடிந்தது, சொல்லுக்கு எதிரே பொருளை அடுக்குவது. எந்தப் பொருள் எந்தப் பெயரோடு ஒட்டும் என்பதைக் காட்ட எடுத்துக்காட்டு வாக்கியம் வேண்டும். 1992-ல் வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி அதைச் செய்து காட்டியது. பள்ளி நோட்டுகளுக்கு மட்டும் அது இன்னும் வந்து சேரவில்லை.

சொல்லாக்கத்தில் சேலத்துக்கு ஒரு பழைய பங்கும் இருக்கிறது. 1916-ல் ராஜாஜி இங்கே, தமிழில் அறிவியல் சொற்கள் ஆக்குவதற்கென்றே ஒரு சங்கம் தொடங்கினார். தாவரவியல், வேதியியல், இயற்பியல், வானியல், கணிதம் எல்லாவற்றுக்கும் தமிழ்ச் சொல் வேண்டும் என்பது நோக்கம். துருக்கியில் மொழிக் கழகம் 1932-ல்தான் அமைந்தது.

ராஜாஜி 1917-ல் சேலம் நகராட்சித் தலைவரானபோது நகரம் குடித்தது இந்தப் பனமரத்துப்பட்டித் தண்ணீரை. 1911-ல் சேலத்தின் குடிநீருக்கென்று வெட்டிய ஏரி இது. மறுநாள் அதன் கரையில் போய் நின்றேன். ஒரு பக்கம் ஜருகுமலை, இன்னொரு பக்கம் போதமலை. மலைமேல் விழுந்த மழை ஓடைகளாகச் சரிந்து வந்து இங்கே தேங்க வேண்டும். அந்தப் பரப்பு முழுவதையும் பொறியாளர்கள் ‘கேட்ச்மென்ட்’ என்பார்கள். நாம் ‘நீர்ப்பிடிப்புப் பகுதி’ என்கிறோம். சிறுமியின் கேள்விக்கு நான் சொன்ன ‘இல்லை’ இங்கேதான் உடைந்தது. தண்ணீரையும் ஆங்கிலம் கேட்ச் பண்ணும். குடத்தில் இல்லை, மலையில். ஏனென்றால் மலைச்சரிவில் தண்ணீர் ஓடுகிறது. ஓடுவதைத்தான் அந்தச் சொல் பிடிக்கும் என்று சொன்னேன் அல்லவா? துருக்கியில் இங்கே துத்மக் வருவதில்லை. நீர் ‘திரட்டும்’ படுகை என்பது அவர்கள் சொல்.

நம் சொல்தான் இரண்டையும் தாங்குகிறது. மலையும் தண்ணீர் பிடிக்கிறது, குடமும் தண்ணீர் பிடிக்கிறது. மேட்டூர் அணை 1934-ல் முடிந்தது. பின்னாளில் சேலம் காவிரித் தண்ணீருக்கு மாறியது. பனமரத்துப்பட்டி ஏரி பல ஆண்டுகள் வறண்டு, சீமைக் கருவேலம் மண்டிக் கிடந்தது. வரத்து ஓடைகள் தூர்ந்தால் மலை பிடித்த தண்ணீர் ஏரிக்கு வராது. கரையில் ஆடு மேய்த்த பெரியவர், “ஏரி தண்ணி புடிச்சு எத்தன வருசமாச்சுங்க” என்றார். ஒரு நகரத்துக்கே தண்ணீர் கொடுத்த ஊர் இன்று குழாயடியில் குடத்தை வைத்து இடம் பிடிக்கிறது. இது எனக்குத் தாங்கவில்லை.

ஒரு மாதம் கழித்து மறுபடி அந்தத் தெருவுக்குப் போனேன். சிறுமியின் நோட்டில் ‘கேட்ச் – பிடி’க்கு எதிரே நாங்கள் சேர்ந்து ஒரு பக்கம் எழுதினோம். பந்து, மீன், பஸ், சளி, தீ, மலைத் தண்ணீர். ஒவ்வொன்றும் முழு வாக்கியமாக. குடத்துத் தண்ணீருக்கு ‘ஃபில்’ என்று தனி வரி. படம், இடம், துரு என்று தமிழில் பிடிப்பவற்றை அவளே ஒரு பட்டியல் போட்டாள். பாதியில் நிறுத்திக் குழாய்ப் பக்கம் கைகாட்டினாள்.

குடத்தில் வழிந்த தண்ணீர் ஓடும் இடத்தில் அவள் பாட்டி அரளிக் குச்சி ஒன்றை நட்டு வைத்திருந்தார். விரல் தடிமன், முழ நீளம். அதன் கணுவில் இரண்டு தளிர்கள், நுனி இன்னும் விரியாமல், வாழைப்பூ மடல் நிறத்தில். “புடிச்சிருச்சு சார்” என்றாள். “இதுக்கு இங்கிலீஷ்ல?”

“டேக்” என்றேன். குச்சி ‘எடுத்துக்கொண்டது’ என்பார்கள்.

“துருக்கில?”

“துத்து.”

துத்து என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். நோட்டில் எழுதுவதற்குள் குழாய் இருமியது. காற்று வந்து, பிறகு தண்ணீர் நூலாகி நின்றது. ஆறு குடத்தில் நாலு நிறைந்திருந்தன. நோட்டைத் திண்ணையில் வைத்துவிட்டு முதல் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு உள்ளே போனாள்.

(தொடரும்)