பிஎஸ்ஏ இறங்கிவிட்டது, பெரியவர் எப்படி இருக்கிறார்?

புராஸ்டேட் புற்றுநோய்க்கு ஹார்மோன் ஊசி போட்டுக்கொள்பவரின் வீட்டை ஆட்டிவைப்பது, நோயின் போக்கைக் காட்டும் பிஎஸ்ஏ என்ற ஒரே எண்தான். ரத்தப் பரிசோதனையில் அது இறங்கியிருந்தால், மகன் உடனே வெளியூரில் இருக்கும் அக்காவுக்குப் போன் போட்டு நல்ல சேதி சொல்கிறார். அப்பாவோ நடுராத்திரியில் பனியன் நனைந்து எழுந்து உட்கார்ந்திருப்பார். டாக்டர் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

ஊசி செய்யும் வேலை அப்படிப்பட்டது. விரையில் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன்தான் இந்தப் புற்றுக்குத் தீனி. விரைகளை அகற்றினால் பரவிவிட்ட நோய்கூட அடங்குகிறது என்று 1941இல் சிகாகோவில் காட்டிய சார்லஸ் ஹக்கின்ஸுக்கு 1966இல் நோபல் பரிசு கிடைத்தது. 1980களில் வந்த லூப்ரோலைடு போன்ற ஊசிகள், மூளையடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி வழியாக அதே சுரப்பை நிறுத்துகின்றன. ஒரே தடவையில் முடியும், செலவும் குறைவு என்பதால் அறுவைச் சிகிச்சையைத் தேர்ந்தெடுப்பவர்கள் இங்கே இன்றும் உண்டு. எந்த வழியில் போனாலும் பக்கவிளைவுகள் பெரும்பாலும் ஒன்றுதான்.

முதலில் வருவது வேக்காடு. காரணமில்லாமல் மார்பிலிருந்து முகத்துக்குச் சூடு ஏறும், வியர்த்துக் கொட்டும், சில நிமிஷத்தில் அடங்கும். இதைச் சட்டென்று புரிந்துகொள்ளக்கூடியவர் மனைவி. மாதவிலக்கு நின்ற காலத்தில் அவரும் இதை அனுபவித்திருப்பார். ‘ஃபேனை எதுக்கு இவ்வளவு வேகமா வைக்கிறே?’ என்று அன்றைக்குக் கடிந்துகொண்ட மனிதர், இன்று தானே எழுந்து வேகத்தைக் கூட்டுகிறார். வேக்காட்டைத் தணிக்க மருந்துகள் இருக்கின்றன. கேட்டால்தான் எழுதித் தருவார்கள்.

கேட்க நா எழாத விஷயம் இன்னொன்று. உறவுக்கான திறன் குறைவதோடு ஆசையே அற்றுப்போகிறது. தொட்டால் மனைவி வேறேதும் எதிர்பார்ப்பாரோ என்று சில ஆண்கள் பக்கத்தில் உட்காருவதைக்கூட விட்டுவிடுகிறார்கள். தன்மேல் கோபமோ என்று மனைவி தவிக்கிறார். கூடவே மார்பு பெருத்து, தசை வற்றி, காரணமில்லாமல் கண் கலங்கும்போது, மீசை முறுக்கிப் பழகிய ஆள் கண்ணாடியைத் தவிர்ப்பதில் வியப்பில்லை. கனடாவின் டல்ஹவுசி பல்கலைக்கழகத்தில் தலைப்பிரட்டைகளை ஆராய்ந்துகொண்டிருந்த ரிச்சர்ட் வாசர்சக், தாமே இந்தச் சிகிச்சைக்கு ஆளான பிறகு அதையே ஆராயத் தொடங்கினார். வேறு இருவரோடு சேர்ந்து, நோயாளிக்கும் துணைக்குமாக ஒரு வழிகாட்டி நூலும் எழுதினார். ‘துணைக்கும்’ என்பதுதான் நம் மருத்துவமனைகளில் விடுபட்டுப் போவது. கூடவே வருகிற மனைவி பெரும்பாலும் வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

எலும்பு விஷயம் வேறு மாதிரி. அது உள்ளே தேய்வது விழும்வரை தெரியாது. அமெரிக்காவில் 50 ஆயிரத்துக்கும் மேற்பட்ட புராஸ்டேட் நோயாளிகளின் பதிவுகளை அலசிய ஓர் ஆய்வு 2005இல் வெளியானது. நோய் தெரிந்து குறைந்தது ஐந்து ஆண்டு வாழ்ந்தவர்களில், இந்தச் சிகிச்சை பெற்றோரில் 19.4 சதவீதத்தினருக்கு எலும்பு முறிந்தது, பெறாதவர்களில் 12.6 சதவீதம். ஆகவே ஊசி தொடங்கும்போதே டெக்சா ஸ்கேன் எடுத்து எலும்பின் அடர்த்தியைப் பார்த்துவைப்பது நல்லது. சர்க்கரை, கொழுப்பு, ரத்த அழுத்தத்தையும் அவ்வப்போது பார்க்க வேண்டும்.

‘தினமும் வாக்கிங் போறேனே’ என்பார்கள். போகட்டும். ஆனால் வற்றும் தசையை மீட்க நடை மட்டும் போதாது, எடை தூக்க வேண்டும். எழுபது வயதில் டம்பெல்ஸா என்று பேரப்பிள்ளைகள் சிரிக்கலாம். ஆனால் இந்தச் சிகிச்சையோடு வரும் விடாத அசதிக்கும் உடற்பயிற்சி அளவுக்குக் கைகொடுப்பது வேறு அதிகமில்லை. நோய் எலும்புக்குப் பரவியிருந்தால் மட்டும் பிசியோதெரபிஸ்ட்டைக் கேட்காமல் எதையும் தூக்கக் கூடாது.

ஊசியை விட்டுவிட்டுப் போடலாமா? கதிர்வீச்சுக்குப் பிறகு பிஎஸ்ஏ மட்டும் ஏறியவர்களிடம் நடத்தி 2012இல் வெளியான பெரிய ஆய்வில், இடைவெளி விட்டவர்களின் ஆயுள் தொடர்ந்து போட்டவர்களைவிடக் குறையவில்லை. வேக்காடும் அவர்களுக்குக் குறைந்தது. நோய் பரவியவர்களுக்கும் இது பொருந்தும் என்று அடுத்த ஆண்டு வந்த ஆய்வால் உறுதி சொல்ல முடியவில்லை. ஆகவே இது டாக்டரிடம் வாய்விட்டுக் கேட்க வேண்டிய கேள்வி. தானாக நிறுத்தக் கூடாது. நிறுத்தினாலும் டெஸ்டோஸ்டிரோன் திரும்பப் பல மாதங்கள் ஆகும். நெடுநாள் ஊசி போட்ட வயதானவர்கள் சிலருக்கு அது பழைய அளவுக்கு வருவதே இல்லை.