வண்டியா? லாரியா?

சுங்கச் சாவடி ஒன்றின் முன் வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. கார் உண்டு, லாரி உண்டு, ஆம்புலன்சும் உண்டு. அடுத்து வருவது எது என்பது, அது வந்து நின்ற பிறகுதான் தெரியும். மாணவர்களே, இக்காட்சியைக் கணிப்பொறிக்குள் நடத்திப் பார்க்க வேண்டுமானால் என்ன செய்வது?

ஆஸ்லோ நகரிலுள்ள நார்வே கணிப்பு மையத்தில் ஓலெ யோஹான் டால், கிறிஸ்டன் நிகார்ட் என்னும் இருவர் இத்தகைய வரிசைகளைப் பற்றிச் சிந்தித்தார்கள். அவர்கள் உருவாக்கிய 'சிமுலா 67', பொருள்நோக்கு மொழிகளுக்கெல்லாம் முன்னோடி. அதில் 'வண்டி' என்பதை ஓர் இனக்குழுவாகவும், கார், லாரி ஆகியவற்றை அதன் கிளைகளாகவும் அமைக்கலாம். வந்து நிற்கும் ஒவ்வொன்றும் ஒரு 'பொருள்'. நிரலை முன்கூட்டியே படித்துப் பார்க்கும் கம்பைலருக்கு, வரிசையில் இருப்பது ஏதோ ஒரு வண்டி என்பது மட்டுமே தெரியும். லாரி என்று எண்ணிச் சுமையின் எடையைக் கேட்கப்போய், நிற்பது காராக இருந்தால்? காரில் அப்படி ஒரு விவரமே இல்லையே!

எனவே, நிரல் ஓடும்போதே பொருளை விசாரிக்க சிமுலா இரு கேள்விகளைத் தந்தது. 'இஸ்' என்றால், இது மிகச் சரியாக இந்த இனக்குழுவா? 'இன்' என்றால், இந்த இனக்குழுவா, அல்லது அதன் கிளைகளுள் ஒன்றா? லாரியிடம் 'இன் வண்டி' என்று கேட்டால் ஆம். 'இஸ் வண்டி' என்று கேட்டால் இல்லை. ஒவ்வொரு பொருளோடும் அதன் இனக்குழுவைச் சுட்டும் குறிப்பும் நினைவகத்தில் இருப்பதால்தான் விடை கிடைக்கிறது.

இவ்வேறுபாடு அற்பமானதன்று. செய்முறைத் தேர்வு மதிப்பெண்களைக் கூட்ட நான் ஒரு முறை பைத்தான் மொழியில் நிரல் எழுதினேன். முழு எண் அல்லாதவற்றைத் தள்ள 'இஸ்இன்ஸ்டன்ஸ்' என்ற சோதனையும் வைத்தேன். ஒரு மாணவியின் மதிப்பெண் 18 இருக்க வேண்டிய இடத்தில், வருகையைக் குறிக்கும் 'ட்ரூ' எப்படியோ புகுந்துவிட்டது. நிரல் முனகக்கூட இல்லை. 18க்குப் பதில் 1 கூட்டி அப்பெண்ணைத் தோல்வியுறச் செய்துவிட்டது! பிழையைக் கண்டவரும் அவர்தான். பட்டியலோடு என் அறைக்கே வந்துவிட்டார்.

காரணம் இதுதான். பைத்தானில் மெய், பொய் மதிப்புகளின் இனக்குழுவான 'பூல்', முழு எண்ணுக்குரிய 'இன்ட்' என்பதன் கிளை. இஸ்இன்ஸ்டன்ஸ் கிளைகளையும் ஏற்கும். அதாவது, 'இஸ்' என்று கேட்க வேண்டிய இடத்தில் நான் 'இன்' என்று கேட்டுவிட்டேன். 'டைப்' கொண்டு இனக்குழுவை நேராக ஒப்பிட்டிருந்தால் ட்ரூ அங்கேயே சிக்கியிருக்கும்.

அதற்காக எங்கும் விசாரணை நடத்துவதும் தகாது. கட்டணம் கணக்கிட ஒவ்வொரு வண்டியையும் 'நீ யார்?' என்று கேட்பதைவிட, 'உன் கட்டணத்தைச் சொல்' என்று அதனிடமே விட்டுவிடுவது நல்லது. நாளை டிராக்டர் வந்தாலும் பழைய நிரலில் கை வைக்க வேண்டியதில்லை. வெளியிலிருந்து வரும் தரவு வேறு. அதை வாசலிலேயே நிறுத்திக் கேட்கத்தான் வேண்டும்.

உங்கள் பள்ளிக் கணிப்பொறியில் பைத்தான் இருந்தால், ட்ரூவையும் ட்ரூவையும் கூட்டினால் என்ன வருகிறது என்று பாருங்கள்.