சுடுகலன்களைக் குறியிடலும் தடமறிதலும்

மாணவர்களே! வன்னி வயல்களில் பயிர்க் காவலுக்கென அனுமதிப்பத்திரம் பெற்ற துவக்கும் உண்டு; பன்றி வரும் பாதையில் களவாகக் கட்டப்படும் கட்டுத்துவக்கும் உண்டு. இரண்டும் சுடும். ஆயினும் சட்டத்தின் முன் இவை ஒன்றல்ல. ஏன் என்பதை நோக்குவோம்.

1. குறியிடல்
சுடுகலனின் உலோகப் பகுதியில் அழியாதவாறு அடையாளம் பொறித்தலே குறியிடல் எனப்படும். உற்பத்தியாளர், உற்பத்தி நாடு, தொடரிலக்கம் என்பன அதில் அடங்கும். இறக்குமதி செய்யப்படும்போது இறக்குமதி நாடும், இயலுமாயின் ஆண்டும் சேர்த்துப் பொறிக்கப்படல் வேண்டும் என 2001 இல் ஏற்கப்பட்ட ஐ.நா. சுடுகலன் நெறிமுறை கூறுகின்றது. இது அதில் இணைந்த நாடுகளையே கட்டுப்படுத்தும்.

2. தடமறிதல்
குற்றம் நடந்த இடத்தில் துவக்கொன்று அகப்பட்டால், அதன் இலக்கத்தைக் கொண்டு உற்பத்தியாளர், இறக்குமதியாளர், விற்பனையாளர், உரிமையாளர் எனப் படிப்படியாகத் தேடுதல் தடமறிதலாகும். பதிவு எந்த இடத்தில் அறுகின்றதோ, அவ்விடத்திலேயே ஆயுதம் கள்ளக் கைக்கு மாறியிருக்கலாம். இதனாலேயே பதிவேடுகள் அவசியமாகின்றன. 2005 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற சர்வதேசத் தடமறிதல் ஆவணம், சிறு ஆயுத உற்பத்திப் பதிவுகளை 30 ஆண்டுகளும் இறக்குமதி முதலிய ஏனைய பதிவுகளை 20 ஆண்டுகளும் குறைந்தது பேணுமாறு கேட்கின்றது. இவ்வாவணம் அரசியல் உடன்பாடு மட்டுமே. நீதிமன்றில் தண்டனை வழங்க உள்நாட்டுச் சட்டம் வேண்டும்.

3. இலங்கைச் சட்டம்
1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டமே இதன் அடிப்படை. குடியேற்ற ஆட்சிக்காலச் சட்டமாதலால் ‘கட்டளைச் சட்டம்’ எனப்படுகின்றது. 1996 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கச் சட்டம் இதனைத் திருத்தியது. அனுமதிப்பத்திரமின்றித் துவக்கு வைத்திருத்தல் குற்றம். அனுமதிப்பத்திரம் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படல் வேண்டும்.

4. கட்டுத்துவக்கு
இது உள்ளூரில் களவாகச் செய்யப்படுவது. தொடரிலக்கமும் இல்லை, பதிவும் இல்லை. விறகு பொறுக்கச் சென்றவரின் காலில் வெடி பட்டாலும், கட்டியவர் யார் என்று துவக்கைக் கொண்டு அறிய வழியில்லை. குறியில்லாத ஆயுதத்துக்குப் பொறுப்பாளி இல்லை என்பதன் பொருள் இதுவே.

நினைவிற் கொள்க: குறி + பதிவு = தடமறிதல். ஒன்று குறைந்தாலும் மற்றையது பயன்படாது.

மாதிரி வினா: “குறியிடல் மட்டும் போதுமானதன்று.” விளக்குக.
விடைக் குறிப்பு: பதிவேடு பேணல், நாடுகளுக்கிடையே தகவல் பரிமாற்றம், உள்நாட்டுத் தண்டனைச் சட்டம் ஆகிய மூன்றையும் உதாரணத்துடன் எழுதுக. சட்டங்களின் ஆண்டையும் இலக்கத்தையும் குறிப்பிட மறவாதீர்கள்.