கல்லுக்குள் ஒரு நார்

புளியங்குடித் தம்பி தங்கைகளே! மழை பெய்தால் தடதடவென்று சத்தம் போடுமே, நெளிநெளியான சாம்பல் நிறக் கூரை ஷீட்டு, அதை எதில் செய்கிறார்கள் என்று கேட்டதுண்டா? கேட்டிருந்தால் சபாஷ்!

பெரும்பாலும் சிமென்ட்டோடு கல்நார் சேர்த்துச் செய்கிறார்கள். ஆஸ்பெஸ்டாஸ் என்பதும் அதுதான். பூமியைத் தோண்டி எடுக்கும் கல். ஆனால் பிய்த்தால் நார்நாராகப் பிரியும். தீப்பிடிக்காது, மக்காது. கெட்டிக்காரக் கல்தான், ஆனால் பொல்லாதது.

ஷீட்டை அறுத்தால், துளை போட்டால், உடைத்தால் தூசி பறக்கும். அதில் இருக்கும் நார்கள் நம் தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியவை. மூச்சோடு நுரையீரலின் ஆழம் வரை போய்விடும். கல்லாயிற்றே, உடம்பால் கரைக்க முடியாது.

உங்கள் ஊர் எலுமிச்சை ஒன்றை நறுக்கிப் பாருங்கள். சுளையை மூடி மெல்லிய தோல் தெரிகிறதா? நுரையீரலையும் அப்படி ஒரு சவ்வு போர்த்தியிருக்கிறது. நார் அங்கே போய்ச் சேர்ந்தால், சிலருக்குப் புற்றுநோய் வரலாம். அதன் பெயர் மீசோதீலியோமா. மிக அரிதான நோய்தான். புரிகிறதா? சரி, மேலே போவோம்.

நார் உள்ளே போனதும் நோய் வந்துவிடாது. 20, 30, 40 ஆண்டுகள்கூட ஆகும்! அப்படியானால் காரணத்தை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

தென்னாப்பிரிக்காவில் கிம்பர்லி என்று ஓர் ஊர். காசநோய் என்று வந்த சிலர் என்ன மருந்து கொடுத்தும் தேறவில்லை. அவர்கள் எல்லாம் கல்நார்ச் சுரங்கங்கள் இருந்த பக்கத்து ஆட்கள் என்பதை ஸ்லெக்ஸ் என்ற மருத்துவர் கவனித்தார். வாக்னர் என்ற மருத்துவர் அவரோடு சேர்ந்து, ஒவ்வொருவரும் எங்கே பிறந்தார், எங்கே வளர்ந்தார் என்று துருவினார். 1960-இல் மீசோதீலியோமா வந்த 33 பேரின் விவரம் வெளியானது. ஏறக்குறைய எல்லோருக்கும் கல்நாரோடு தொடர்பு! அவர்களில் சிலர் சுரங்கத்தில் வேலை செய்தவர்களே இல்லை. சின்ன வயதில் அதன் பக்கத்தில் குடியிருந்தவர்கள், அவ்வளவுதான். பழைய கதையை விசாரித்ததால் கிடைத்த விடை இது. அந்த மருத்துவர்களும் உங்களைப் போலவே கேள்வி கேட்கிற மனிதர்கள்!

நம் உச்ச நீதிமன்றம் 1995-இல் கல்நார் ஆலைகளுக்கு ஓர் உத்தரவு போட்டது. ஒவ்வொரு தொழிலாளியின் உடல்நலப் பதிவையும் குறைந்தது 40 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். ஏன் இத்தனை ஆண்டு? இப்போது நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

பல நாடுகள் கல்நாரைத் தடை செய்துவிட்டன. இந்தியாவுக்கோ இன்னும் கப்பலில் வருகிறது. நாமும் நிறுத்துவதுதான் நல்லது என்பேன்.

அதற்காக உங்கள் வீட்டுக் கூரையைப் பார்த்து மிரள வேண்டாம். உடையாமல் சும்மா கிடக்கும் ஷீட்டிலிருந்து தூசி அதிகம் பறக்காது. உடைந்த துண்டை வைத்து விளையாடாதீர்கள், தரையில் தேய்த்துக் கோடு போடாதீர்கள். தூள் சிந்திக் கிடந்தால் விளக்குமாற்றால் கூட்டாமல், தண்ணீர் தெளித்து ஈரத்துணியால் வழித்தெடுக்கும்படி பெரியவர்களிடம் சொல்லுங்கள்.