நாய், பூனை இருக்கற வீட்டுக்கு எந்த கார்? அசோக் நகர்ல இருந்து ஒரு கணக்கு

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

இன்னைக்கு எபிசோட், வீட்ல நாயோ பூனையோ இருக்கு, கார் வாங்கணும்னு யோசிக்கறவங்களுக்கு. முதல் காரா இருக்கலாம், பழசைக் கொடுத்துட்டு வேற எடுக்கறதா இருக்கலாம். "எந்த மாடல்னு மட்டும் சொல்லுங்க"ன்னு கேப்பீங்க. கடைசில மாடல் பேரும் வரும். ஆனா 8 கிலோ பக் நாய்க்கும் 30 கிலோ லேப்ரடாருக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது. அதனால எதைப் பார்த்து முடிவெடுக்கறதுன்னு முதல்ல பேசிடுவோம். ஊரு அசோக் நகர்னு வெச்சுப்போம். பழைய ஃப்ளாட், கீழ தூணுக்கு நடுவுல பார்க்கிங், வெளிய வந்தா நூறடி ரோடு.

எந்தப் பயணத்துக்கு இந்த கார்?

விளம்பரத்துல நாய் ஜன்னல் வழியா தலையை நீட்டிக்கிட்டு ஈசிஆர்ல ஜாலியா போகும். அது மாசத்துக்கு ஒரு தடவை நடந்தா பெரிய விஷயம். நீங்க உண்மையிலேயே பண்ணப் போற பயணம் டாக்டர்கிட்ட போறது. பக்கத்துல கிளினிக் இருக்கும், தடுப்பூசிக்கு அது போதும். நிலைமை மோசமானா சென்னைல பல பேர் போற இடம் வேப்பேரி. 1903-ல ஆரம்பிச்ச மெட்ராஸ் கால்நடை மருத்துவக் கல்லூரி, அதோட ஆஸ்பத்திரி. அசோக் பில்லர்ல இருந்து கோடம்பாக்கம், நுங்கம்பாக்கம், எழும்பூர் வழியா சுமார் 10 கிலோமீட்டர். ராத்திரில அரை மணி நேரத்துல போயிடலாம். சாயந்திரம் 6 மணிக்குக் கிளம்பினா எவ்ளோ ஆகும்னு உங்களுக்கே தெரியும்.

இதுக்கு மெட்ரோ கிடையாது, பெட்ஸை ஏத்த மாட்டாங்க. ஆட்டோ, கேப் கிடைக்கறது அதிர்ஷ்டம். நாய்னு சொன்னதும் கேன்சல் ஆகறதை நம்மள்ல பல பேர் பார்த்திருப்போம். ஸ்கூட்டர்ல முன்னாடி நிக்க வெச்சுக் கூட்டிட்டுப் போற நாயால, உடம்பு முடியாதப்ப நிக்கவே முடியாது. மார்பு ஆழமா இருக்கற பெரிய நாய்களுக்கு வயிறு உப்பி முறுக்கிக்கற ஒரு பிரச்சினை வரும். அதுல சில மணி நேர தாமதமே உயிரை எடுத்துடும்.

அதனால என்னோட ஒரே அளவுகோல் இதுதான்: மே மாசம் மதியம் 2 மணிக்கும், டிசம்பர் மழை ராத்திரிலயும், படுத்துக்கிட்டே இருக்கற ஒரு நாயை வேப்பேரி வரைக்கும் பத்திரமா கூட்டிட்டுப் போக முடியுமா? இதுக்குச் சரியா வர்ற கார், ஈசிஆருக்கும் சரியாத்தான் இருக்கும்.

பூட் லிட்டரைப் பார்த்து ஏமாறாதீங்க

ஐரோப்பால நாய் வெச்சிருக்கறவங்க நிறைய பேர் எஸ்டேட் கார் வாங்குவாங்க. பின்பக்கம் நீளமா, கூரை வரைக்கும் திறந்திருக்கும். அந்த வகை நம்ம ஊர்லயும் வந்துச்சு. 1992-ல டாடா எஸ்டேட், 2004-ல இண்டிகோ மரினா. ரெண்டும் நிலைக்கல. அப்புறம் 2006 பட்ஜெட்ல, 4 மீட்டருக்குள்ள நீளமும் சின்ன இன்ஜினும் இருக்கற கார்களுக்கு வரியைக் குறைச்சாங்க. இன்னைக்கும் அதே கோடுதான். 2025 செப்டம்பர்ல வந்த ஜிஎஸ்டி மாற்றத்துக்கு அப்புறம் சின்ன பெட்ரோல், டீசல் காருக்கு 18 சதவீதம், பெருசுக்கு 40 சதவீதம். அதனால கம்பெனிங்க 4 மீட்டருக்குள்ள அடக்கப் பார்க்கறாங்க. ஆளுங்க உக்கார்ற இடத்தைக் குறைக்க முடியாது. அடி வாங்கறது பூட்.

வேகன் ஆர் 341 லிட்டர், பஞ்ச் 366, எக்ஸ்டர் 391-னு போட்டிருப்பாங்க. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அது பெட்டி வைக்கற இடம். மேல தட்டு மூடியிருக்கும், ஏசி காத்து வராது, பின்னாடி எவனாவது இடிச்சா முதல்ல நசுங்கறதும் அதுதான். ஹேட்ச்பேக்லயும் சின்ன எஸ்யூவிலயும் நாயோட இடம் பின் சீட்தான். அப்போ நீங்க அளக்க வேண்டியதும் பின் சீட்டைத்தான்.

ஷோரூமுக்கு டேப்போட போங்க

முதல்ல வீட்ல நாயை அளந்துடுங்க. மூக்குல இருந்து வால் ஆரம்பிக்கற இடம் வரைக்கும் எவ்ளோ, நின்னா தலை எவ்ளோ உயரம், காலை நீட்டிப் படுத்தா எவ்ளோ அகலம். ராஜபாளையம் மாதிரி நாய் தோள் வரைக்குமே 65-ல இருந்து 75 செ.மீ. வரும். அதுக்குக் கூரை உயரமான கார் வேணும். பார்க்க டப்பா மாதிரி இருக்குன்னு கிண்டல் பண்ற வேகன் ஆர் இந்த இடத்துல ஜெயிக்கும், 1,675 மி.மீ. உயரம்.

அப்புறம் கார்ல மூணு விஷயம் பாருங்க.

ஒண்ணு, கதவு எவ்ளோ திறக்குது. பஞ்ச்ல கதவு 90 டிகிரி திறக்கும். படுத்திருக்கற நாயை போர்வையோட தூக்கி உள்ள வைக்க அது பெரிய உதவி. ஆனா உங்க பார்க்கிங்ல தூணுக்கும் காருக்கும் நடுவுல ரெண்டு அடிதான் இருக்குன்னா 90 டிகிரி இருந்து என்ன பிரயோஜனம்? அதனால பார்க்கிங்கையும் சேர்த்து அளங்க. ரொம்ப நெருக்கமான இடம்னா ஈகோ மாதிரி பக்கவாட்டுல தள்ளித் திறக்கற கதவு கைகொடுக்கும். ஏசி இருக்கற வேரியண்டான்னு மட்டும் பார்த்துக்கோங்க.

ரெண்டு, தரையில இருந்து சீட் எவ்ளோ உயரம். வயசான லேப்ரடாருக்கு இடுப்பு மூட்டுப் பிரச்சினை சகஜம். உயரமான எஸ்யூவில ஒவ்வொரு தடவையும் குதிச்சு ஏறி இறங்கறது அந்த மூட்டுக்குத் தண்டனை. 30 கிலோவை நீங்க தூக்கி வைப்பீங்களா, உங்க அம்மா தனியா இருந்தா தூக்குவாங்களான்னு யோசிங்க. முடியாதுன்னா தாழ்வான கார் எடுங்க, இல்ல மடக்கற சாய்வுப் பலகை ஒண்ணு வாங்கி வெச்சுக்கோங்க.

மூணு, பின் சீட்டுக்கு ஏசி வென்ட் இருக்கா. என் கணக்குல இது சன்ரூஃப், பெரிய ஸ்க்ரீன் எல்லாத்தையும் விட முக்கியம். வேகன் ஆர்ல பின்னாடி வென்ட் இல்ல. எக்ஸ்டர்ல இருக்கு. பஞ்ச்ல 2024-ல வந்த மாற்றத்துக்கு அப்புறம்தான் மேல் வேரியண்ட்கள்ல வந்துச்சு. பழைய பஞ்சை செகண்ட்ஸ்ல பார்க்கறவங்க இதை கவனிங்க.

சிஎன்ஜி எடுக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை. நிறைய கார்ல சிலிண்டர் பூட்டை முழுசா தின்னுடும். நாய் பின் சீட்ல, பை எல்லாம் எங்கன்னு முன்னாடியே யோசிச்சுடுங்க.

சூடு: இதுல மட்டும் சமரசம் வேண்டாம்

2005-ல அமெரிக்கால ஒரு ஆய்வு, பீடியாட்ரிக்ஸ் இதழ்ல வந்துச்சு. வெயில்ல நிறுத்தின காருக்குள்ள ஒரு மணி நேரத்துல சராசரியா 22 டிகிரி செல்சியஸ் சூடு ஏறிச்சு. அதுல 80 சதவீதம் முதல் அரை மணி நேரத்துலயே. ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வெச்சும் பெரிய வித்தியாசம் இல்ல. இப்போ சென்னைக்கு வாங்க. 2003 மே 31 அன்னைக்கு இங்க 45 டிகிரி. அவ்ளோ வேண்டாம், சாதாரண அக்னி நட்சத்திர நாள் 38 டிகிரின்னு வெச்சு நீங்களே கூட்டிப் பாருங்க.

நமக்கு உடம்பு முழுக்க வேர்க்கும். நாய்க்குப் பாதத்துல மட்டும் கொஞ்சம் வேர்க்கும், மத்தபடி மூச்சிரைச்சுத்தான் சூட்டைக் குறைக்கணும். சுத்தியிருக்கற காத்தே சூடா இருந்தா அதுவும் வேலை செய்யாது. அதோட சாதாரண உடல் சூடு 38-39 டிகிரி. 41-ஐத் தாண்டினா உயிருக்கு ஆபத்து. பக், ஷிட்ஸு மாதிரி மூக்கு சப்பையான நாய்களுக்கு இன்னும் சீக்கிரம் ஆகும்.

அதனால "மெடிக்கல்ல ரெண்டு நிமிஷம்"னு கூட வண்டில விட்டுட்டுப் போகாதீங்க. கிளம்பறதுக்கு முன்னாடி கதவைத் திறந்து சூட்டை வெளிய விட்டு, அஞ்சு நிமிஷம் ஏசி ஓடினதுக்கு அப்புறம் நாயை ஏத்துங்க. மூடின பேஸ்மென்ட்டா இருந்தா வெளிய எடுத்துட்டு வந்து பண்ணுங்க. இன்ஜின் புகை அங்க தேங்கும். 2019-ல டெஸ்லா 'டாக் மோட்'னு ஒண்ணு கொண்டு வந்துச்சு, ஓனர் இல்லாதப்பவும் உள்ள ஏசி ஓடும். போன்ல இருந்தே ஏசி போடற வசதி இப்ப நம்ம ஊர் கார்கள் சிலதுலயும் இருக்கு. காரை முன்கூட்டியே குளிர வைக்க அதைப் பயன்படுத்துங்க, நாயைத் தனியா விட்டுட்டுப் போக இல்ல. கறுப்பு ஃபிலிம் ஒட்டிக்கலாம்னு நினைக்காதீங்க, 2012-லயே உச்ச நீதிமன்றம் தடை போட்டுடுச்சு. நிறுத்தும்போது மாட்டி, ஓட்டும்போது கழட்டற ஷேட் போதும்.

மடில வேண்டாம், பெல்ட் போடுங்க

சின்ன கணக்கு. 50 கிலோமீட்டர் வேகத்துல போற கார் எதுலயோ மோதி அரை மீட்டருக்குள்ள நின்னா, உள்ள இருக்கறது மேல அதோட எடையைப் போல சுமார் 20 மடங்கு விசை வரும். 10 கிலோ நாய் 200 கிலோ மாதிரி முன்னாடி பாயும். மடில வெச்சுக்கிட்டு ஓட்டறது இன்னும் மோசம், நடுவுல ஏர்பேக் விரியும். மோட்டார் வாகனச் சட்டம் 125-வது பிரிவும் ஓட்டறவருக்கு இடைஞ்சலா ஆளையோ பொருளையோ வைக்கக் கூடாதுன்னு சொல்லுது.

நாய்க்கு மார்பைச் சுத்தற ஹார்னஸ் போட்டு, சீட் பெல்ட்டோட மாட்டுங்க. கழுத்துப் பட்டைல மாட்டாதீங்க, பிரேக் போட்டா கழுத்துதான் போகும். பூனைக்கு எப்பவும் கேரியர். முன் சீட்டுக்குப் பின்னாடி தரையில அது அசையாம உக்காருமான்னு ஷோரூம்லயே வெச்சுப் பாருங்க. பவர் விண்டோ லாக் போட்டுடுங்க, சுவிட்ச் மேல கால் பட்டா ஜன்னல் திறக்கும்.

சீட் துணியா, லெதரெட்டான்னு கேக்கறவங்களுக்கு: துணில முடி புதைஞ்சுக்கும், லெதரெட் வெயில்ல கொதிக்கும், நகம் பட்டா கிழியும். எதுவானாலும் துவைக்கற மாதிரி தொட்டில் கவர் ஒண்ணு போட்டுடுங்க.

மழை

2015 டிசம்பர், 2023 மிக்ஜாம் ரெண்டையும் இந்தப் பக்கம் இருக்கறவங்களுக்கு ஞாபகப்படுத்த வேண்டாம். தேங்கின தண்ணிக்கும் பள்ளத்துக்கும் தரை இடைவெளி உதவும். பஞ்ச், ட்ரைபர்ல 180 மி.மீ.-க்கு மேல இருக்கு, வேகன் ஆர்ல 165. ஆனா எந்தக் காரும் படகு இல்ல. துரைசாமி சப்வே, அரங்கநாதன் சப்வேல தண்ணி நின்னா சுத்திப் போங்க. நாய்க்கு ஏற்கெனவே உடம்பு சரியில்லன்னா, ரெட் அலர்ட் வந்த உடனே, மழை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே டாக்டரைப் பார்த்துடுங்க.

சரி, எந்த கார்?

பூனை, இல்ல 10 கிலோவுக்குள்ள நாய்: நல்ல ஹேட்ச்பேக் எதுவும் போதும். இதுக்காக பெருசா செலவு பண்ணாதீங்க.

15-20 கிலோ இண்டி நாய் ஒண்ணு: பின் வென்ட் இருக்கற எக்ஸ்டர், பஞ்ச் வகை. மேல் வேரியண்டுக்குக் கொடுக்கற காசு அந்த வென்ட்டுக்குன்னு நினைச்சுக்கோங்க.

பெரிய நாய், இல்ல ரெண்டு நாய்: ட்ரைபரைப் பாருங்க. 4 மீட்டருக்குள்ள நீளம்தான், மூணாவது வரிசை சீட்டைக் கழட்டி வீட்ல வெச்சுட்டா 625 லிட்டர் இடம். அது மூடின பூட் இல்ல, கேபினோட சேர்ந்த இடம். பின்னாடி வரிசைகளுக்கு வென்ட் இருக்கற வேரியண்டா எடுங்க. எர்டிகா இன்னும் வசதி, மூணாவது வரிசையை மடக்கினா 550 லிட்டர். ஆனா நீளம் 4 மீட்டரைத் தாண்டும், உங்க தூணுக்கு நடுவுல நிக்குமான்னு பாருங்க.

புக் பண்றதுக்கு முன்னாடி ஷோரூம்ல கேட்டுட்டு, டெஸ்ட் டிரைவுக்கு நாயையும் கூட்டிட்டுப் போங்க. ஒரு பழைய போர்வை விரிச்சு, 20 நிமிஷம் ஓட்டுங்க. அது சாதாரணமா ஏறிப் படுத்துக்கிச்சா, திரும்பித் திரும்பி நின்னு தவிச்சுதா, பின் சீட்ல கையை வெச்சா காத்து வருதா, இது மூணும் ப்ரோஷர்ல இருக்காது.

உங்க வீட்டு நாயோட அளவையும் பார்க்கிங் அகலத்தையும் அனுப்புங்க, கேள்வி-பதில் எபிசோட்ல எடுத்துப் பேசுவோம்.