மணலுக்குள் மிதக்கும் மாரி

வாகரைக்கும் வெருகல் ஆற்றுக்கும் இடையே, வங்கக்கடலை நோக்கிக் கிடக்கிறது கதிரவெளி. மட்டக்களப்புப் பகுதியில் ஆண்டுக்குச் சராசரியாக 1,600 மில்லிமீற்றருக்கும் மேல் மழை பெய்கிறது. அதில் பெரும்பங்கு மாரிக் காலத்திலேயே கொட்டித் தீர்ந்துவிடும். பின்னர் கச்சான் காற்று எழுந்தால் மண் வெந்து, கிணற்று நீர் அடிமட்டம் காணும். இக்கரைக்கு மழை போதும். அதைக் கோடைவரை காக்கும் வழியே வேண்டும்.

இங்குள்ள பெரிய நீர்த்தேக்கம் மண்ணுக்கடியில் இருக்கிறது. மணலினூடு இறங்கும் மழைநீர், கடலிலிருந்து உட்புகுந்த உப்புநீரின்மேல் மிதந்து நிற்கிறது. ஒரு லீற்றர் நன்னீரின் நிறை 1 கிலோகிராம். கடல்நீரின் நிறை ஏறத்தாழ 1.025 கிலோகிராம். இச்சிறு வேறுபாடே நன்னீரைத் தாங்குகிறது. ஒல்லாந்தரான கைபனும் செருமானியரான ஏர்ஸ்பேர்க்கும் தனித்தனியே கண்ட கணக்கின்படி, நன்னீர் கடல்மட்டத்துக்குமேல் 1 மீற்றர் உயர்ந்து நின்றால், கீழே சுமார் 40 மீற்றர் ஆழத்துக்கு அது பரவியிருக்கும். மேல்மட்டம் 10 சென்ரிமீற்றர் தாழ்ந்தால், காலப்போக்கில் உப்புநீர் 4 மீற்றர் ஏறிவரும். பூவல் தோண்டி அளவோடு மொண்ட மூத்தோர் வழக்கம் இந்த நியதிக்கு இசைந்தது. மின்பம்பியால் ஓயாது இறைப்பதோ இசையாதது.

2004 மார்கழியில் ஆழிப்பேரலை கிழக்குக் கரையின் கிணறுகளை உப்பாக்கியபோது இவ்வுண்மை வெளிப்பட்டது. மட்டக்களப்பு மாவட்டத்தில் பன்னாட்டு நீர் முகாமைத்துவ நிறுவனம் நடத்திய ஆய்வு, மீண்டும் மீண்டும் இறைத்ததால் கிணறுகள் எதிர்பார்த்தவாறு தெளியவில்லை என்றும், மண்ணில் இறங்கிய பருவமழையே உப்பைக் கழுவியது என்றும் காட்டியது.

கூரையிலிருந்து நீர் பிடிக்கும் பரலையும் இந்தப் பின்னணியில் வைத்தே மதிப்பிட வேண்டும். 1 சதுர மீற்றர் பரப்பில் 1 மில்லிமீற்றர் மழை பெய்தால் 1 லீற்றர் நீர் கிடைக்கும். 50 சதுர மீற்றர்க் கூரையில் ஆண்டுக்கு 1,600 மில்லிமீற்றர் பெய்து, ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 64,000 லீற்றர் எஞ்சும். 200 லீற்றர்ப் பரல்கள் 320 நிறையும் அளவு அது! ஆகவே, ஒரு பரலால் கோடையைக் கடக்க இயலாது. மாரி நாள்களில் கிணற்றைத் தொடாமல் கழுவலுக்கும் தோட்டத்துக்கும் நீர் தருவதும், மிகுந்ததை முறையாக மண்ணுக்குள் அனுப்புவதுமே அதன் பணி.

உணவுப்பொருள் அடைத்துவந்த, ஒளி புகாத பரலைத் தேர்க. ஒளி புகுந்தால் பாசி படரும். பூச்சிமருந்தோ வேறு இரசாயனமோ இருந்த பரலை எவ்வளவு கழுவினாலும் பயன்படுத்தலாகாது. நிறைந்த பரல் 200 கிலோகிராமுக்கு மேல் நிறுக்கும். ஆதலால் மணலை இறுக்கி, சீமெந்துக் கற்களைச் சமமாக அடுக்கி, வாளி வைக்கும் உயரத்தில் அதை நிறுத்துக. அடியிலிருந்து சற்று மேலே குழாய்வாயைப் பொருத்தினால் வண்டல் கீழே தங்கும்.

கோடை முழுவதும் கூரையில் படிந்த தூசும் பறவை எச்சமும் முதல் மழையோடு வரும். முதல் அரை மில்லிமீற்றர் மழையின் நீரை, அதாவது 50 சதுர மீற்றர்க் கூரைக்கு 25 லீற்றரை, பீலியிலிருந்து தனிக் குழாய்வழி விலக்கிவிட வேண்டும். வாய்களையெல்லாம் நுண்வலையால் மூடுக. முட்டையிலிருந்து பறக்கும் நுளம்பாவதற்கு ஒரு கிழமையளவே போதும். மூடாத பரல் டெங்கு பரப்பும். காய்ச்சாமல் இந்நீரைப் பருகுதல் தகாது.

பலர் கைவிடும் உறுப்பு, மேல்விளிம்பை அடுத்த மிகைநீர்க் குழாய். மேலே கண்ட 64,000 லீற்றரில் பெரும்பகுதி அதன்வழியே செல்லும். அத்திவாரத்துக்கும் மலசலகூடக் குழிக்கும் எட்டத்தில், சரளையும் மணலும் நிரப்பிய குழிக்கு அதைக் கொண்டுசெல்க. இல்லையேல் இறுகிய முற்றத்திலும் தெருவிலும் ஓடி, கடலோடும் களப்போடும் கலந்துவிடும். குழியில் இறங்கும் நீரோ நம் கிணற்றையும் அயலவர் கிணற்றையும் உப்பிலிருந்து காக்கும்.

இலங்கை 2005இல் மழைநீர் அறுவடைக்கென ஒரு தேசியக் கொள்கையை வகுத்தது. மலைநாட்டிலும் வறள் வலயத்திலும் பல வீடுகளில் 5,000 லீற்றர்த் தொட்டிகள் எழுந்தன. அத்தகைய தொட்டிக்கு வசதியற்ற வீட்டுக்கும் ஒரு பரல் கைகூடும். பாடசாலை, கோயில் மண்டபம், சனசமூக நிலையம் ஆகியவற்றின் அகன்ற கூரைகளில் ஊர் முதலில் இதைத் தொடங்கட்டும். ஐப்பசிக்கு முன்பே பீலிகள் துப்புரவாகி, குழிகள் அணியமாகட்டும்.