கன்று ஈன்ற பசு தீனி எடுக்காதது ஏன்?

கலப்பினப் பசு வளர்ப்போர் அடிக்கடி கூறும் குறை ஒன்று உண்டு. பசு நல்லபடியாகக் கன்று ஈன்றது, நஞ்சுக்கொடியும் விழுந்தது, இரண்டு வாரம் பாலும் நன்றாகவே கறந்தது. பிறகு ஒரு நாள் அடர்தீவனத்தை முகர்ந்து பார்த்துவிட்டு ஒதுங்கி நின்றது. வைக்கோலை மட்டும் சிறிது தின்றது. ஒரே வாரத்தில் பால் பாதியாகக் குறைந்தது, உடம்பும் இளைத்தது. காய்ச்சல் இல்லை, மடியில் வீக்கமும் இல்லை. கண்ணேறு பட்டுவிட்டது என்று கருதிச் சுற்றிப் போடுவோரும் உண்டு. பெரும்பாலும் இது கீட்டோசிஸ் எனப்படும் நோயே ஆகும். கோளாறு இருக்குமிடம் பசுவின் கல்லீரல். அதற்கு வித்திடப்படுவதோ கன்று ஈனுவதற்குச் சில வாரங்கள் முன்பே.

பாலுக்கு வேண்டிய சர்க்கரை

பாலின் இனிப்புக்குக் காரணம் லாக்டோஸ் என்னும் பால் சர்க்கரை. இதை உண்டாக்க மடிக்குக் குளுக்கோஸ் தேவை. ஒரு லிட்டர் பாலுக்கு ஏறத்தாழ 70 கிராம் குளுக்கோஸ் செலவாகிறது. 10 லிட்டர் கறக்கும் பசுவுக்குப் பாலுக்கென்றே தினமும் சுமார் 700 கிராம் வேண்டும்.

மனிதர் உண்ணும் சோறு குடலில் செரித்துக் குளுக்கோஸாக இரத்தத்தில் சேருகிறது. பசுவில் அவ்வாறு நடப்பது மிகக் குறைவு. பெருவயிறு எனப்படும் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள் தீவனத்தைப் புளிக்க வைத்து அசெட்டிக், புரோப்பியானிக், பியூட்டிரிக் ஆகிய அமிலங்களாக மாற்றிவிடுகின்றன. இவற்றுள் புரோப்பியானிக் அமிலத்தைக் கொண்டே கல்லீரல் பெருமளவு குளுக்கோஸைத் தயாரிக்கிறது. எனவே, தீனி குறைந்தால் சர்க்கரையும் குறையும்.

வரவுக்கு மிஞ்சிய செலவு

கன்று ஈனும் நாள் நெருங்கும்போது பசு தீனியைக் குறைத்துக்கொள்கிறது. ஈன்றபின் பால் வேகமாக ஏறி 4 முதல் 8 வாரங்களில் உச்ச அளவை அடைகிறது. தீனி எடுக்கும் அளவோ 10 முதல் 12 வாரங்கள் சென்ற பிறகே உச்சத்தை எட்டுகிறது. இடைப்பட்ட நாட்களில் வரவைவிடச் செலவு அதிகம். இதை ஈடுகட்டப் பசு தன் உடலில் சேர்த்துவைத்த கொழுப்பைக் கரைக்கிறது. ஓரளவு கரைவது இயற்கையே.

கரைந்த கொழுப்பு இரத்தத்தின் வழியே கல்லீரலை அடைகிறது. அளவோடு வந்தால் கல்லீரல் அதை எரித்துச் சக்தியாக்கும். அளவு மீறினால் முழுவதும் எரிக்க இயலாமல் கீட்டோன் என்னும் பொருள்களாக மாற்றி இரத்தத்தில் விடுகிறது. எஞ்சிய கொழுப்பு கல்லீரலிலேயே படிந்துவிடுகிறது. அதை வெளியேற்றும் திறன் மாட்டின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. இரத்தத்தில் கீட்டோன் மிகுந்தால் பசி மந்தமாகும். தீனி மேலும் குறையும். கொழுப்பு மேலும் கரையும்.

கொழுத்த பசுவுக்கே ஆபத்து

பால் வற்றிய காலத்தில் கொழுக்க வைத்த பசு ஈன்றபின் தீனியை அதிகமாகக் குறைக்கிறது; கொழுப்பையும் அதிகமாகக் கரைக்கிறது. ஆகவே, "கொழுத்திருந்தால் நன்றாகக் கறக்கும்" என்ற எண்ணம் தவறானது. நஞ்சுக்கொடி தங்குதல், கருப்பை அழற்சி, மடிநோய் ஆகியவற்றால் தீனி குறைந்தாலும் கீட்டோசிஸ் தொடரலாம். குறைவாகக் கறக்கும் நாட்டுப் பசுக்களில் இது அரிது.

அறிகுறிகள்

பசு முதலில் அடர்தீவனத்தை வெறுக்கும். சாணம் கெட்டியாகும். மூச்சிலும் பாலிலும் கனிந்த பழத்தைப் போன்ற வாடை வீசலாம். சில பசுக்கள் சுவரையும் தொட்டியையும் ஓயாமல் நக்கும், வெறுமனே மென்றுகொண்டிருக்கும், தள்ளாடி நடக்கும். வெளியே தெரியாமல் மறைந்திருக்கும் கீட்டோசிஸும் உண்டு. அதில் பால் சிறிது குறையும். பசு மீண்டும் சினைப்பருவத்துக்கு வருவது தாமதமாகும். ஒன்றிரண்டு பசுக்களை நம்பியிருக்கும் குடும்பத்துக்கு இது பெரிய நஷ்டம்.

வெல்லம் கொடுத்தால் போதுமா?

சர்க்கரை குறைவுதானே என்று பலர் வெல்லத்தைக் கரைத்து ஊற்றுகின்றனர். வெல்லத்தையும் பெருவயிற்று நுண்ணுயிர்கள் புளிக்க வைத்துவிடுவதால் அது நேராகக் குளுக்கோஸாக இரத்தத்தில் சேர்வதில்லை. அதிகம் கொடுத்தால் வயிற்றில் அமிலம் மிகுந்து வேறு கேடு விளையும். சோறு, கஞ்சி ஆகியவற்றை மிகுதியாகக் கொடுப்பதும் அவ்வாறே. கால்நடை மருத்துவர் சிறுநீரையோ இரத்தத்தையோ சோதித்து நோயை உறுதி செய்வார். குளுக்கோஸை இரத்தக் குழாயில் செலுத்துவார். கல்லீரல் குளுக்கோஸாக மாற்றிக்கொள்ளக்கூடிய புரோப்பிலீன் கிளைக்கால் மருந்தைச் சில நாட்கள் வாய்வழி கொடுக்கச் சொல்வார். எந்த மருந்தையும் பசுவின் தலையை மிக உயர்த்தி வேகமாக ஊற்றக் கூடாது. நுரையீரலில் இறங்கினால் உயிருக்கே ஆபத்து.

தடுக்கும் முறைகள்

1. கன்று ஈனுவதற்கு 60 நாட்களுக்கு முன் பாலை வற்றச் செய்ய வேண்டும். அப்போது பசு நடுத்தர உடற்கட்டுடன் இருப்பது நல்லது. விலா எலும்புகள் துருத்தித் தெரியக் கூடாது. கையால் அழுத்தித் தடவினால் தட்டுப்பட வேண்டும். வால் அடியில் கொழுப்பு திரண்டிருக்கக் கூடாது.

2. வற்றிய காலத்தில் பசுவை இளைக்கவும் விடக் கூடாது. பசும்புல்லுடன் வைக்கோல் அல்லது சோளத்தட்டை தாராளமாகக் கொடுக்க வேண்டும்.

3. கடைசி மூன்று வாரங்களில் அடர்தீவனத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டித் தினம் 2 கிலோ வரை கொண்டுவரலாம். ஈன்றபின் கொடுக்கப்போகும் தீவனத்துக்கு நுண்ணுயிர்கள் இதனால் பழகிக்கொள்ளும்.

4. ஈன்றபின் ஒரேயடியாகத் தீவனத்தைக் கூட்டாமல், இரண்டு வாரங்களில் படிப்படியாக உயர்த்த வேண்டும். உடல் பராமரிப்புக்கு ஒன்றரைக் கிலோவும், ஒவ்வொரு இரண்டரை லிட்டர் பாலுக்கு ஒரு கிலோவும் கணக்கு. இதை ஒரே வேளையில் போடாமல் பிரித்துப் போடுவது நலம்.

5. சுத்தமான குடிநீர் எந்நேரமும் இருக்க வேண்டும். கோடையில் நிழல் அவசியம். வெப்பம் தாக்கினால் பசு மேலும் தீனியைக் குறைக்கும்.

ஈன்றபின் மூன்று வாரங்கள் வரை, காலையில் தொட்டியில் மிஞ்சிய தீவனத்தைத் தினமும் கவனிக்க வேண்டும். மிச்சம் வைக்கத் தொடங்கிய பசுவை அன்றே கால்நடை மருந்தகத்துக்குக் காட்டினால் அந்த ஈத்துப் பால் முழுவதையும் காப்பாற்றலாம்.